கரையான் தின்ற முடிவு

அன்புள்ள மகனுக்கு என்று எழுதி, முதல் சொல்லை அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போகவில்லை. இன்றைக்கு அதை வரியின் தலையில் உட்காரவைக்க முடியவில்லை. கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் "சில் பண்ணும்மா" என்பாய். அதற்காகத்தான் காகிதம். இதை நடுவில் மறிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் படி.

செவ்வாய்க்கிழமை அபுதாபியிலிருந்து கூப்பிட்டாய். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம். மண்டபம், பந்தி, பத்திரிகையில் தன் பெயர் கீழே வந்துவிட்டதென்று முறுக்கிக்கொண்டிருக்கும் உன் சித்தப்பா, எல்லாம் பேசினோம். பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். "அம்மா, இஸ்ஸி கப்பல் வேலைய எடுக்கக் கூடாது. நீ சொன்னா கேப்பா. திங்கக்கிழம ஃபார்ம் குடுக்கணுமாம். அதுக்குள்ள பேசிரு." என் வாய் மூடியிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போனாய். அதை யாரிடம் படித்தாய் என்று எனக்குத் தெரியும். "நான் ஒண்ணும் வில்லன் இல்லம்மா. கம்பெனி விசாவ கேன்சல் பண்ணிட்டு என் விசாவுக்கு வரட்டும். ஒரு வருஷம் செட்டில் ஆவட்டும். அப்புறம் ஏதாவது ஆபீஸ் வேல வந்தா நானே என்.ஓ.சி. குடுத்துருவேன்." சிரித்தாய். கடைசி ஆணியையும் நீயே அடித்தாய். "துடுப்புக்காரிகூடக் கடைசியில வீட்டுக்குத்தானே வந்தா? நீயே சொன்ன கதைதானே."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எதையும் கழுவவில்லை.

இசக்கி யார் என்று உனக்கு நினைவுபடுத்துகிறேன். நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுகிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிற தூத்துக்குடிப் பெண். கடலின் அடித்தரையை அளக்கப் படித்தவள். நான்கு வருடமாக துபாய் அல் குசைஸில் ஒரு சர்வே கம்பெனி ஆபீசில், படகில் போன ஆண்கள் அளந்துகொண்டு வந்த ஆழங்களைத் திரையில் வைத்துத் திருத்துகிறாள். எங்கே பிழை என்று இவள் சொல்வாள். அவர்கள் திரும்பப் போய் அளப்பார்கள். இப்போது அவளையே போகச் சொல்கிறார்கள். ஃபுஜைராவிலிருந்து கிளம்பும் கப்பல். இருபத்தொரு நாள் கடல், இருபத்தொரு நாள் கரை. கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் ஏற வேண்டும். கப்பலில் பதினாலு ஆண்கள், இவள் ஒருத்தி. நீ அந்தப் பதினாலை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாய். ஒரு பொங்கல் விழாவில் அவளை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் என்ன சொன்னாய்? "சும்மா ஆபீஸ் பொண்ணு இல்லம்மா. கடலுக்கு மேப் போடுறா." அப்போது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். அது எந்த மாதம் செத்தது? இன்னொன்று. அவளை உன் நண்பர்களிடம் இஸ்ஸி என்று அறிமுகம் செய்கிறாய். இசக்கி நம் பக்கத்தில் அம்மன் பெயர், அந்தப் பெயரைச் சொன்னால் ஆம்பளைகள் செருப்பைக் கழற்றுவார்கள். நீ அதை பிஸ்கட் பெயராக்கிவிட்டாய்.

அப்புறம் என்.ஓ.சி. ஆட்சேபம் இல்லை என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதித் தரும் காகிதம். இங்கே வேலை மாற, வண்டி ஓட்டப் பழக, எதற்கும் ஒரு காலத்தில் அதைக் கேட்டார்கள். நான் உன் அப்பாவின் விசாவில் வந்தவள். என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய முத்திரையில் என் தொழில் இல்லத்தரசி என்றும், வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் இருந்தது. அரபியில் நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வாக்கியம் அதுதான். எம்.ஏ. ஆங்கில இலக்கியம். எம்.ஃபில். பாதி. உன் அப்பாவை வேடிக்கையாகக் கஃபீல் என்று கூப்பிடுவேன். முதலாளி, பொறுப்பாளி, எல்லாம் அவர்தான் என்று அர்த்தம். அவரும் சிரிப்பார். "ஏளா, கஃபீலுக்கு ஒரு டீ." நீ அந்தச் சிரிப்பில் வளர்ந்தாய். இப்போது சட்டம் மாறிவிட்டது, மனைவிமார் தாமாகவே வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறார்கள். மாறட்டும். நான் பேசுவது உன் சிரிப்பைப் பற்றி.

உனக்கு நாலு வயது. ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கில டீச்சர் வேலை கிடைத்தது. நானே போய், நானே பேசி, நானே வாங்கிய வேலை. என்.ஓ.சி. ஒன்று வேண்டும் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். உன் அப்பா கையெழுத்துப் போட வேண்டியது ஒரே ஒரு இடம். "போட்டுத் தாரேன்" என்றார். "நாளைக்குப் போட்டுத் தாரேன்." "பேனா எழுத மாட்டேங்கு." "இன்னைக்கு டூட்டி ஜாஸ்தி, நாளைக்குப் பாப்போம்." ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உன் அப்பா கெட்டவர் இல்லை, அதுதான் சிரமம். பள்ளிக்கூடம் வேறு ஆளை எடுத்தது. தாளைப் பற்றி நான் திரும்பக் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. நம் சாப்பாட்டு மேஜை, துபாய் சத்வாவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, ஒரு கால் கொஞ்சம் குட்டை, எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த மாதத்திலிருந்து ஆடவில்லை. நான் கவனிக்கவில்லை.

ஷார்ஜாவிலேயே, ரோலாவில் இந்த வீட்டுக்கு மாறியபோது மேஜையைத் தூக்கினோம். நீ ஒரு பக்கம் பிடித்தாய், நான் ஒரு பக்கம். குட்டைக் காலின் அடியிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாள் விழுந்தது. பிரித்தேன். கையெழுத்துப் போடும் கோடு காலியாக இருந்தது. கோட்டின் மேல் மேஜைக் காலின் வட்டம் பதிந்திருந்தது, சீல் மாதிரி. "என்னம்மா பேப்பர்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல." உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உட்கார வைத்து, இது என்ன, யார் எழுதவில்லை, எதற்காக என்று சொல்லியிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புது வீட்டில் மேஜையை வைத்தோம். ஆடியது. தாளை அதே மடிப்பில் மடித்து அதே காலுக்கு அடியில் நானே செருகினேன். குழம்பு சிந்தக் கூடாதே. உன் அப்பா ஒரு முறை வைத்தார். நான் இரண்டாம் முறை வைத்தேன். அதன் மேல்தான் நீ இத்தனை வருடம் சாப்பிட்டாய்.

இனி துடுப்புக்காரி. அவளை நீ என் மேல் எறிந்தாய். அதனால் அவள் யார் என்று முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி. எந்தக் காலத்திலோ ஊருக்குத் திரும்பிப்போன ஒரு மிஷனரி அம்மாள் விட்டுவிட்டுப் போன புத்தகங்கள். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்கள் எழுதி, வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்து, பெண்கள் அடித்துப் பிடித்துப் படித்த நாவல்கள். பாடத்திட்டத்தில் அவை இல்லை. மலிவு, அழுகாச்சி, அடுப்படிக் கதை என்று எங்கள் பேராசிரியர்கள் தொடமாட்டார்கள். நான் தொட்டேன். திறந்தால் அடுப்படியே இல்லை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண். பூட்டிய வீடு. அவள் திரைச்சீலையை முறுக்கிக் கயிறாக்கி மாடி ஜன்னலிலிருந்து இறங்குகிறாள். மயிரை அறுத்து ஆண் சட்டையில் கப்பல் ஏறுகிறாள். புயலில் குதிரை விடுகிறாள். திருடனின் கையிலிருந்த துப்பாக்கியைத் தட்டிவிட்டு அவனையே கட்டிப்போடுகிறாள். பொய் சொல்கிறாள், விசிலடிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். அச்சில் அப்படி ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. பதினேழு நாவல் படித்தேன். அதையே எம்.ஃபில்லுக்கு எடுத்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல என்ன இருக்குன்னு எழுதப் போற?" "முப்பத்தொம்பது அத்தியாயம் எழுதுவேன் மேடம். நாப்பதாவதுதான் பிரச்சன."

ஏனென்றால் நாற்பதாவது அத்தியாயத்தில் எல்லாரும் கல்யாணம் செய்துகொள்வார்கள். குதிரையை விற்றுவிடுவார்கள். மயிர் வளர்ந்துவிடும். துப்பாக்கியைத் தட்டிவிட்ட கை எம்பிராய்டரி போடும். ஐந்தே பக்கம். அவசரமாக, மூச்சு வாங்க, யாரோ வாசலில் நிற்பதுபோல் எழுதிய ஐந்து பக்கம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு இந்தக் கதைகளை எழுதிய பெண்களைப் பற்றிப் படித்தேன். பலருக்குப் புருஷன் இல்லை, அல்லது ஓடிப்போனவன், அல்லது படுத்துவிட்டவன். பேனாவால் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள். வீட்டைத் தாங்கியதே அவர்கள் கைதான். அப்படிப்பட்டவர்கள் எதற்கு நாயகியைக் கடைசியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்? அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே வந்து, ஒரு கையெழுத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தபோது தெரிந்தது. கடைசி அத்தியாயம் ஓர் என்.ஓ.சி. அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வர வேண்டும். அப்பாக்களும் புருஷன்களும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். கல்யாணம் இருக்கிறதா, சரி, ஆட்சேபம் இல்லை. அதற்குப் பின்னால் முந்நூறு பக்கம் ஜன்னல் வழியாக இறங்கி ஓடுவது அவர்கள் கண்ணில் படாது. படிக்கிற பெண்ணுக்கு எந்தப் பக்கம் நிஜம், எந்தப் பக்கம் காகிதம் என்று தெரிந்திருந்தது. நீ, என் மகன், அந்தக் காகிதத்தை மட்டும் படித்திருக்கிறாய்.

துடுப்புக்காரி அந்தப் பதினேழில் ஒருத்தி. பெயர் வேறு. உனக்காக அந்தப் பெயர் வைத்தேன். காப்பாளராக இருந்த மாமா, சொத்துக்காகத் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அவள் மாமாவின் படகை அவிழ்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுகிறாள். படகுச் சங்கிலியின் சாவி எங்கே என்று அவளுக்குச் சொன்னது சமையலறையில் இருந்த ஒரு கறுப்பினப் பெண். அடிமை. எழுதியவள் அவளுக்குக் கோணல் பேச்சும் ஒரு சிரிப்பும் கொடுத்து அடுப்படியிலேயே விட்டுவிட்டாள். அவளுக்குப் படகும் இல்லை, நாற்பதாவது அத்தியாயமும் இல்லை. படிக்கும்போது நானும் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். இங்கே பார்க்கில் அடுத்தவர் பிள்ளையை ஊஞ்சலாட்டிக்கொண்டே தன் பிள்ளையிடம் போனில் பேசும் பெண்களைப் பார்த்த பிறகுதான் அவள் நினைவு வந்தது. அது தனிக் கோபம். இன்னொரு கடிதம் ஆகும். துடுப்புக்காரி முந்நூறு பக்கம் ஆற்றில் போனாள். கடைசியில் ஆற்று வாய். இரண்டு கரையிலும் தேடுகிற ஆட்கள். துடுப்பு முறிந்துவிட்டது. கடல் உள்வாங்கும் நேரம், தண்ணீர் வற்றிக் கடலைப் பார்த்து ஓடுகிறது. அவள் முறிந்த துடுப்பைக் கையில் எடுக்கிறாள். அத்தோடு பக்கம் முடிந்தது. மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது. அட்டையின் உள்பக்கம் வரை வெறும் மண். வேறு பிரதி எங்கேயும் கிடைக்கவில்லை. பதினேழில் எனக்குப் பிடித்த முடிவு அதுதான். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மேடம் கேட்டார், "அப்ப உன் கடைசி அத்தியாயம்?" "அங்க போய் எழுதி அனுப்புதேன் மேடம்." அனுப்பவில்லை. கரையான் மேல் பழி போடவும் வழியில்லை.

இந்தக் கதையை உனக்குச் சொன்னது காரில். வெள்ளிக்கிழமைதோறும் சத்வாவுக்குப் போவோம், என் ஜாக்கெட் தைக்க, உன் அப்பாவின் சிநேகிதரைப் பார்க்க. சாயங்காலம் திரும்பும்போது அல் குசைஸ் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிடும். உனக்கு ஆறு வயது, பின் சீட்டில் நெளிவாய். உன் வாயை அடைக்கக் கதை. முதல் தடவை நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அவ முறிஞ்ச துடுப்பக் கையில எடுத்தா."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. கரையான் தின்னுட்டு."

நீ உதட்டைப் பிதுக்கினாய். பிறகு ஓங்கி அழுதாய். "கரையான் அவளத் தின்னுட்டா?" உன் அப்பா கண்ணாடியில் பார்த்தார். "ஏளா, பிள்ள அழுதாம்லா. முடிவு ஒண்ணச் சொல்லித் தொலையேன். எனக்குமே ஒரு மாதிரியா இருக்கு."

"புஸ்தகத்துல இல்லங்க."

"இல்லாட்டி என்ன? நீதான் எம்.ஏ. படிச்சிருக்கல்ல. ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிரு."

பண்ணி வைத்தேன். கரையில் நல்லவன் ஒருவன் விளக்கோடு நின்றான். கையை நீட்டினான். அவள் ஏறி வந்தாள். கல்யாணம். முறிந்த துடுப்பை அடுப்பில் வைத்து எரித்து அவனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள். தோசை சொன்னதும் நீ கைதட்டினாய். உன் அப்பா, "அப்படிச் சொல்லு" என்று ஹாரன் அடித்தார். அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை. ஆற்றை நீ பாதியிலேயே தாண்டச் சொல்வாய். "தோச பார்ட் சொல்லும்மா." சொன்னேன். நன்றாக நடித்துக்கூடச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வாசலில் எந்த அப்பாவும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்த எழுத்துக்காரப் பெண்களுக்கு இருந்த நெருக்கடியில் கால்வாசிகூட எனக்கு இல்லை. நல்லதைக் கரையான் செய்துவைத்திருந்தது. நான் அதை ஒரு டிராஃபிக் நெரிசலில் கெடுத்தேன். துடுப்புக்காரி திரும்பி வந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை மகனே. நான் சொன்ன பொய் அது. உன் வாயிலிருந்து செவ்வாய்க்கிழமை எனக்கே திரும்பி வந்தது.

உன்னை எப்படித் திட்டுவது என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. ஆனால் திட்டத்தான் வேண்டும். உனக்கு வயது ஆறு இல்லை. போன மாதம் உன்னிடம் நான் மெதுவாக, என் வேலை போன கதையை ஒரு வரி சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அப்பா உன்ன நல்லாத்தானேம்மா வச்சிருந்தார்." வச்சிருந்தார். பாத்திரத்துக்குச் சொல்கிற சொல். பாஸ்போர்ட்டை வைத்திருந்தார், காரை வைத்திருந்தார், அம்மாவை நன்றாக வைத்திருந்தார். நீயும் இசக்கியை நன்றாகத்தான் வைத்திருப்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயமே அதுதான்.

நீ சொன்னபடி அவளைப் பார்க்கப் போனேன். வியாழக்கிழமை, டூட்டி முடிந்து அவள் ரோலாவுக்கே பஸ் ஏறி வந்தாள். பார்க்குக்கு எதிரில் இருக்கிற கஃப்டீரியா. இரண்டு கரக் டீ சொன்னாள், எனக்கு ஒரு சமோசாவும். நான் அவளைப் பேசி மயக்க வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "சொல்லுங்க அத்தை. உங்க மவன் என்ன சொல்லச் சொன்னாரோ அத மொதல்ல சொல்லிருங்க. அப்புறம் நாம பேசுவோம்."

இதை எழுதக் கூசுகிறது. சொன்னேன். உன் ஆளாகத்தான் பேசினேன். கல்யாணமான புதிது, ஊர் பேசும், ஒரு வருடம்தானே, கப்பல் எங்கேயும் போகாது என்று என் வாய் அதுபாட்டுக்கு ஓடியது. முப்பது வருடம் பழகிய வாய். அவள் சமோசாவைப் பிட்டு வைத்துக்கொண்டு கேட்டாள். "கப்பல் எங்கயும் போகாதா அத்தை? அப்ப அது என்ன கப்பல்?" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு கேட்டாள்: "துடுப்புக்காரி கதைய உங்க மவன் என்ட்டச் சொன்னாங்க. ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாங்க, சண்டை வரும்போதெல்லாம். நெசமாவே அவ கரைக்கு வந்துட்டாளா?"

"ஏன் கேக்க?"

"அந்த எடத்துல அவ வர முடியாதுல்ல. ஆத்து வாய்னு சொன்னீங்களாமே. தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"கடலுக்கு. வத்துற நேரம்."

"துடுப்பு?"

"முறிஞ்சு போச்சு."

அவள் டிஷ்யூ ஒன்றை எடுத்து விரித்து, டீயில் தொட்ட கரண்டிக் காம்பால் இரண்டு கரை போட்டாள். நடுவில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வெளியே ஒரு கோடு. "அப்ப கரைக்கு வர வாய்ப்பே இல்ல அத்தை. தண்ணி வத்தும்போது ஆத்து வாயில நிக்குற படகு துடுப்பு இல்லாம வெளியதான் போவும். கரையில விளக்கு வச்சிக்கிட்டு யாரு நின்னாலும் சரி. அவ கடலுக்குப் போயிருப்பா." டிஷ்யூவை என் பக்கம் தள்ளினாள். "யாரோ தப்பா அளந்திருக்காங்க."

"நான்தான்" என்றேன்.

முப்பது வருடம் ஒரு புத்தகத்தின் முடிவு தெரியாமல் இருந்தேன். அதை ஒரு பெண் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். இலக்கியம் எதுவும் படிக்காமல். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டு. எனக்கு அழுகை வந்தது. உன் மேல் வந்த கோபம் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் முழுசாக எழுந்தது. இப்படி ஒருத்தியையா நீ வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாய்? இந்த அறிவை ஒரு வருடம் திரைச்சீலைக்கும் தாளிப்புக்கும் நடுவில் வைத்துவிட்டு, பிறகு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுப்பாயா? உன்னிடம் யார் கேட்டார்கள் ஆட்சேபம் உண்டா இல்லையா என்று?

கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் வெளியே பஸ்ஸைப் பார்த்தாள். "எனக்கு உங்க மவனப் பிடிக்கும் அத்தை. ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் இவ்வளவு நாள் ஃபார்மப் பையிலயே வச்சிருக்கேன். ஆனா அவங்க வேண்டாம்னா, கல்யாணம் வேண்டாம். கப்பல் வேணும்." சொல்லும்போது குரல் உடைந்தது. நீ அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டும்.

ஃபார்மை எடுக்கச் சொன்னேன். இரண்டு பக்கம். கையெழுத்துப் போடும் கோடு ஒன்றுதான். அவள் பையில் பேனா தேடினாள். நான் என் பேனாவைக் கொடுத்தேன். நீ என்னைப் பேசச் சொல்லி அனுப்பினாய். பேசிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மேஜையைத் தூக்கினேன். தனியாகத் தூக்க முடிகிறது, அவ்வளவு கனம் இல்லை. தாளை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்திருக்கிறது. உன் அப்பா சோபாவில் இருந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்பப் போட்டாச் செல்லுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. முன்னால் என்றால் சிரித்திருப்பேன். "செல்லாது" என்றேன். அவர் தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது. உனக்கு எப்போது தெரியும்?

அவள் கையெழுத்துப் போட்டது உன்னைக் கேட்டு இல்லை. இனி முடிவு செய்ய வேண்டியவன் நீ ஒருவன்தான். உனக்கு மிச்சம் இருப்பது இரண்டே. சித்தப்பாவைக் கூப்பிட்டு மண்டபத்தை நிறுத்து. அல்லது பன்னிரண்டாம் நாள் உன் காரை எடுத்து, மலையைக் குடைந்து போட்ட ரோட்டில் அவளை ஃபுஜைராவுக்குக் கொண்டுபோய்ப் படகுத்துறையில் இறக்கிவிட்டு, கையில் விளக்கும் இல்லாமல் வசனமும் இல்லாமல் நில். படகு வெளியே போகும். எங்கே போகிறது என்று தெரியாமல் நிற்பது கஷ்டமாக இருக்கும். நீ ஆறு வயதில் அதற்குத்தான் அழுதாய். அன்றைக்கு உன்னை அழ விட்டிருக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். மேஜை ஆடும். அடியில் கொடுக்கக் காகிதம் தேடாதே, அட்டை தேடாதே. குழம்பு சிந்தினால் துணி குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ எழுந்து போய் எடு.

அம்மா